நாற்பது பேரின் மகிழ்ச்சிச் சான்றிதழ்

உலகத்தின் உடம்பை மூடும் பொறுப்பைத் திருப்பூர் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது. உள்ளே இருக்கும் மனத்தையும் முதன்முதலாகக் கவனித்த பெருமை, பெருமாநல்லூர் பக்கத்துப் பின்னலாடைக் கல்லூரி ஒன்றையே சேரும்.

அங்கே ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து நாற்பது மாணவர்கள் படிக்க வந்திருந்தார்கள். அவர்களுடைய மனநலத்துக்கு ஓர் அலுவலர் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தாளாளர் தரணீதரன் தம் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் பார்த்த சிவபிரகாஷைக் கூப்பிட்டார்.

"மனசப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார் சிவபிரகாஷ்.

"டேமேஜ் பாக்கத் தெரியுமில்ல? அதே வேலதான்."

இப்படியாக அவர் 'அயல்நாட்டு மாணவர் அகமகிழ்வு அலுவலர்' ஆனார். பெயர்ப்பலகையைத் தினமும் தாமே துடைத்தார். சோதிக்கும் முறை ஒன்றும் புதிதல்ல. நாற்பதாயிரம் பனியன் இருந்தாலும் யாரும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கொஞ்சத்தை எடுத்துப் பார்ப்பார்கள். அது தேறினால் மொத்த லாட்டும் தேறியது. அந்தக் கணக்கில் நாற்பது பேருக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரையும் விடுதிக் காப்பாளர் அனுசுயாவே பொறுக்கிக் கொடுத்தார். சரக்கு வாங்கும் பையர் வரும் அன்று நல்ல பீஸ்களைப் பெட்டியின் மேலே அடுக்குவது தொழில் மரியாதை அல்லவா? எல்லாருமே கல்லூரி விழாக்களில் ஆடும் நடனக் குழுப் பிள்ளைகள். கேட்பதற்கு முன்பே சிரித்தார்கள். ஒருவனுக்கு மட்டும் லேசாக வீட்டு நினைவு. அது 'பிசிறு' என்று பதிவாகி, ஒரு டீயில் வெட்டிவிடப்பட்டது. நாற்பது பேரும் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சான்றிதழ் அச்சானது.

மறுநாள் காலை தான்சானியாவிலிருந்து வந்திருந்த நீமா அவர் அறை வாசலில் நின்றாள். அந்த எட்டில் சேராதவள்.

"சார், மூணு வாரமா தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கல. யார்கிட்டயாவது பேசணும்," என்றாள், விடுதியில் கற்ற தமிழில்.

"எல்லாரும் நல்லாத்தான பேசறாங்க கண்ணு?"

"எல்லாரும் 'சாப்டாச்சா'ன்னு கேக்கறாங்க. நான் 'இல்லை'ன்னு சொல்றேன். 'சரி'ன்னு போயிடறாங்க. எங்க ஊர்ல கேட்டா நின்னு கேப்பாங்க. அம்மா எப்படி, வீடு எப்படி, தூக்கம் எப்படின்னு. பதில் வராம நகர மாட்டாங்க."

சிவபிரகாஷுக்குச் சுருக்கென்றது. அன்று காலையில் படிக்கட்டில் அவரும் அவளைக் கேட்டிருந்தார், பதிலுக்கு நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பனியனும் தானே எழுந்து வந்து, தன்னிடம் ஓட்டை இருக்கிறது என்று சொன்னதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். எதிரே உட்காரவும் ஆசைதான். ஆனால் முறை என்று ஒன்று உண்டே. தாளாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் புள்ள செக்கிங்ல வந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படி டேமேஜ் ஆகும்? லாட் பாஸ் ஆயிருச்சு. இப்பப் போயி ஒண்ண ரிஜெக்ட்டுன்னு எழுதுனா நாப்பதையும் மறுபடி பாக்கோணும். அடுத்த வருசம் நூறு பேரு வர்றாங்க, சிவபிரகாஷ்."

"அழுவுதுங்க."

"அளவோடதான அழுவுது?"

அளவு என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் சிவபிரகாஷுக்குப் பாதி தெம்பு வந்தது. திரும்பிப் போய், சான்றிதழின் நகலை நீமாவின் கையில் கொடுத்தார்.

"கவலப்படாத கண்ணு. நீ பாஸ். சந்தோசமா இருக்கறதா கையெழுத்தே போட்டாச்சு."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "என்னை யார் கேட்டாங்க?" என்றாள்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். அவள் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த வாரக் கடைசியில் படிப்பை விட்டுவிட்டுக் கோவையில் விமானம் ஏறினாள்.

மேலிடத்துக்கு ஆண்டறிக்கை அனுப்பும் நாள் வந்தது. எண்ணிக்கைக் கட்டத்தில் சிவபிரகாஷின் பேனா நின்றுவிட்டது.

"முப்பத்தொம்பதுதாங்க இருக்காங்க. மேல கேட்டா என்னங்க சொல்றது?"

"ஏற்றுமதியில மூணு சதவீதம் வரைக்கும் ஷார்ட்டேஜ் உண்டு. நாப்பதுல ஒண்ணு ரெண்டரைதான் வருது. யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் தாளாளர்.

தொழில் தெரிந்தவர் வாக்கு பொய்க்குமா? அவள் ஏன் போனாள் என்று மேலிடம் கேட்கவில்லை. ஊர் போய்ச் சேர்ந்தாளா என்று தாளாளர் கேட்கவில்லை. அகமகிழ்வு அலுவலரிடம் அவளுடைய தொலைபேசி எண் இருந்தது. அவரும் கேட்கவில்லை.