கடன் கட்டாமல் இருக்கக் கட்டிய காசு

கடன் வாங்கியதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஊரில் வாங்காதவர் யார்? அந்தக் கடனிலிருந்து தப்பிக்க நான் செய்த காரியத்தைச் சொல்லும்போதுதான் இன்றும் காது மடல் சுடுகிறது.

துபாயில் ஆறு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு வந்து, திருவாரூரில் செல்போன் கடை வைத்திருந்தேன். தெருவுக்கு ஒரு செல்போன் கடை முளைத்த காலம். வங்கி ஆட்கள் கடைக்கே வந்து கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டேன். (தேடி வந்து கொடுக்கும்போது வேண்டாம்னு சொன்னா மரியாதையில்லை, பாருங்க.) கடைக்கு ஏ.சி., என் மனைவி நசீமாவுக்கு வாஷிங் மெஷின் என்று தேய்த்துத் தேய்த்து, ஒரு வருடத்தில் கடன் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: ‘கடனில் பாதி தள்ளுபடி! வங்கித் தொல்லைக்கு முற்றுப்புள்ளி!’ மறுநாளே திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

மாடியில் ஆபீஸ். டை கட்டிய ஒருவர் எனக்குக் காபி வரவழைத்தார். அதிலேயே பாதி கடன் தீர்ந்த மாதிரி இருந்தது.

“இனிமே பேங்குக்கு ஒரு ரூபா கட்டாதீங்க சார். போன் வந்தா எடுக்காதீங்க. வீட்டுக்கு வந்தா வெளிநாடு போயிட்டார்னு சொல்லச் சொல்லுங்க. மத்ததை எங்க வக்கீல் பாத்துப்பார்.”

இதற்குக் கட்டணம் பதினெட்டாயிரம். முன்பணம். நாலு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். கடனைக் கட்டாமல் இருப்பதற்குக் காசு கட்டிய புத்திசாலி எங்கள் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் கட்டவில்லை. வசூல் ஆட்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். கடையைப் பூட்டிவிட்டு, செல்லை அணைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தேன்.

“நான் பொய் சொல்ல மாட்டேங்க,” என்றாள் நசீமா.

“ஆறு வருஷம் துபாய்ல இருந்தவன்தானே? பாதி உண்மை!”

மறுநாள் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். அவள் கதவைத் திறக்காமலே, “அவங்க துபாய் போயிட்டாங்க,” என்றாள். சொன்ன கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கட்டிலில் படுத்திருந்த எனக்கோ வெற்றிக் களிப்பு.

ஒன்றை மறந்துவிட்டேன். கார்டு விண்ணப்பத்தில், ‘தெரிந்தவர்’ என்ற கட்டத்தில், பேராவூரணியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் என் தாய்மாமாவின் பெயரை எழுதியிருந்தேன். வங்கிக்காரர்கள் அவருக்குப் போன் போட்டு, “உங்க மருமகன் துபாய் போயிட்டாராமே, எப்ப வருவார்?” என்று கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவன் சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டுக்கும் போய், பயணம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். சொல்லாமல் போனால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். மாமா எனக்குப் போன் அடித்தார், செல் அணைந்திருந்தது. நசீமாவுக்கு அடித்தார், அவளை எடுக்கவிடாமல் தடுத்தது நான். (யார் கூப்பிடுறாங்கன்னு பாக்கக்கூட விடலை, அவ்வளவு கண்டிப்பு.)

சனிக்கிழமை மதியம் வாசலில் மாமாவின் குரலும் மாமியின் குரலும் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு பாத்ரூமுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை.

“என்னம்மா நடந்துச்சு? உன்கிட்டயாவது சொல்லிட்டுப் போனானா?” மாமாவின் குரல் உடைந்திருந்தது. “எங்க அக்கா கண்ணை மூடி மவுத்தானப்ப, இவனை நான் பாத்துக்கிறேன்னு சொன்னவன்மா நான். என்கிட்ட சொல்லாமப் போற அளவுக்கு என்ன தப்பு செஞ்சேன்?”

நசீமா தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது. மாமா தொடர்ந்தார்:

“துபாய்ல இருக்குற நம்ம ஊருப் பையன் ரபீக்குக்குச் சொல்லிட்டேன். நேத்து வெள்ளிக்கிழமை லீவுன்னுகூட பாக்காம, அவனும் ரூம்ல இருக்குற நாலு பேரும் ஆஸ்பத்திரி, ஜெயிலு எல்லாம் தேடியிருக்காங்க.”

கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கழுவக் குழாயைத் திறக்கக்கூட தைரியமில்லை. வெளியே போய்விடலாம் என்று மூன்று முறை காலை எடுத்து வைத்தேன். மூன்று முறையும் பின்வாங்கினேன்.

“லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. கைகால் கழுவி ஒளு செஞ்சுக்கிறேன்,” என்று மாமா எழுந்தார். நசீமா, “மாமா, அங்க...” என்பதற்குள் கதவைத் தள்ளிவிட்டார்.

லுங்கியும் குழம்புக் கையுமாக நான்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டு, “எப்படா வந்தே?” என்று கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய், “இப்பத்தான் மாமா,” என்றது.

பின்னால் நின்ற மாமி கேட்டார்: “பாத்ரூம் வழியாவா?”

மாமாவின் கைகள் என் முதுகிலிருந்து மெதுவாக இறங்கின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பார்த்தார். “கையக் கழுவு,” என்றார். அவ்வளவுதான். தொழுது முடிக்கும்வரை என்னிடம் பேசவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை அவரே என்னை வங்கிக்குக் கூட்டிப்போனார். வட்டியும் அபராதமும் சேர்ந்து கடன் இரண்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. திருச்சி வக்கீலிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்திருந்ததாம். அது பாட்டுக்கு ஃபைலில் கிடந்தது.

“கட்ட முடியலைன்னு நீங்களே நேர்ல வந்து சொல்லியிருந்தா, அன்னைக்கே தவணை பிரிச்சுக் கொடுத்திருப்போமே சார். அதுக்குக் காசு ஒண்ணும் கிடையாது,” என்றார் மேனேஜர்.

பாதி தள்ளுபடி என்று கேட்டேன். அதெல்லாம் எல்லாருக்கும் கிடைக்காது, கிடைத்தாலும் மீதியை மொத்தமாக வைக்க வேண்டும், முழுசாகக் கட்டவில்லை என்று பதிவாகிவிடும் என்றார். என்னிடம் மொத்தமாக இருந்தது கடைச் சாவி மட்டும்.

திருச்சிக்கும் போனேன். டைக்காரர் ஓடிப்போகவில்லை, அதே நாற்காலியில்தான் இருந்தார். ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் ஒரு வரியைக் காட்டினார்: கட்டணம் முயற்சிக்கு மட்டுமே, பலனுக்கு உத்தரவாதமில்லை. கீழே என் கையெழுத்து, அழகாகச் சுழித்துப் போட்டது. இந்த முறை காபி வரவில்லை.

ஏ.சி.யையும் பைக்கையும் விற்று, மூன்று வருடம் தவணை கட்டி முடித்தேன். பல வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்டபோதும், வங்கியில் நான் கட்டாமல் விட்ட அந்தப் பழைய மாதங்களைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார்கள்.

அதுகூட ஆறிவிட்டது. போன வருடம் ஒரு நிக்காஹ் விருந்தில், தாடி நரைத்த ஒருவர் என் பெயரைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ரபீக்கோடு ஒரே ரூமில் இருந்தவராம்.

“வாரத்துக்கு ஒரு நாள்தாங்க லீவு. அன்னைக்குப் பூரா உங்க பேரைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினோம்,” என்றார். பந்தியே திரும்பிப் பார்த்தது. என் முகத்தை உற்றுப் பார்த்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்:

“அப்புறம் எந்த ஆஸ்பத்திரியில இருந்தீங்க?”