அப்பா கரும்புத் தொட்டிலுக்குத் தயாராகிறார்

புக்கிட் ரோத்தான்,
ஞாயிற்றுக்கிழமை, 16.12.1984

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய செல்லையா மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் கங்கா வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். அப்பாவின் இடுப்பு மட்டும் நலமில்லை. கிள்ளானில் நீங்களும் அத்தையும் எல்லா மூட்டுகளும் நலமாக வாழ வேண்டுமென்று விரும்புகிறேன்.

இந்தக் கடிதத்தில் நடந்தவை அனைத்தையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். அப்பாவின் கட்டளையும் அதுதான். "ஒண்ணு விடாம எழுது. படிச்சிட்டு உன் மாமனுக்கு வயிறு எரியணும்" என்றார். ஒன்று விடாமல் எழுதினால் உங்களுக்கு வயிறு எரியுமா, வேறு ஏதாவது ஆகுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எல்லாம் தம்பி சேதுவுக்குப் பெயர் வைத்த அன்று நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியது. எனக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் குழந்தை இல்லாமல், அம்மா பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதால் பிறந்தவன் தம்பி. தைப்பூசத்தன்று கரும்பில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் பிள்ளையைப் படுக்கவைத்து, முன்னால் அப்பாவும் பின்னால் அம்மாவும் தோளில் தாங்கிப் படியேற வேண்டும் என்பது நேர்த்தி. அம்மா நேர்ந்தது அவ்வளவுதான். அப்பாதான், "தகப்பன் தோளாலதான் சுமப்பேன், வேற ஆளு தோளு படாது" என்று தாமாக ஒரு வரி சேர்த்துச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். நீங்கள் அவருடைய வயிற்றை ஒரு பார்வை பார்த்தீர்கள். "அத்தான், நீங்க கீழ தண்ணிப் பந்தல்ல உக்காந்து மோர் குடிங்க. துறைமுகத்துல மூட்டை தூக்குற தோளு சும்மாதானே இருக்கு, மருமகனை நான் தூக்கிட்டுப் போறேன் லா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நீங்கள் பஸ் ஏறியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மறுநாளே வீட்டில் தேகப்பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணி என்பதால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை எண்ணுவதுதான் அவர் வேலை, தூக்குவது மற்றவர்கள் வேலை. ஆகவே உடம்புக்கு முன்னனுபவம் ஏதும் இல்லை. முதலில் தொலைக்காட்சியில் நீளக் காலுறை போட்ட பெண்கள் பாட்டுக்குத் துள்ளும் நிகழ்ச்சியைப் பார்த்து அவரும் துள்ளினார். தூண்மேல் நிற்கும் எங்கள் கிராணி வீட்டுக்குப் பலகைத் தரை. அப்பா துள்ளினால் அடுக்களையில் மங்குக் கிண்ணங்கள் துள்ளும், தம்பி அழுவான், கோழிகள் வீட்டுக்கு அடியிலிருந்து வெளியே ஓடிவிடும். பக்கத்து லயத்து வரிசை வீட்டு வள்ளியம்மா அத்தை வேலியோரம் வந்து, "ஏ கங்கா, உங்க வீட்டுக்குள்ள லோரி ரிவர்ஸ் எடுக்குதா?" என்று கேட்டார். இல்லை, அப்பா உடம்பை இளைக்கவைக்கிறார் என்றேன். "அடிப் பாவமே, வீடு இளைச்சிடப் போவுதுடி" என்றார். அன்றைக்கே ஒரு பலகை உள்ளே போய்விட்டது. அப்பாவின் வலக்காலும் அதனோடு போய்வந்தது.

அடுத்து மார்பை விரிக்க வேண்டும் என்றார். பழைய பத்திரிகைப் படம் ஒன்றில் ஒருவர் ஸ்பிரிங்கை இரு கைகளாலும் இழுத்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஸ்பிரிங் தம்பியின் தொட்டிலை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தது. அப்பா தம்பியை என் மடியில் கிடத்திவிட்டு அதைக் கழற்றிக்கொண்டார். ஒரு முறை இழுத்தார், நன்றாகவே விரிந்தது. இரண்டாம் முறை ஒரு பக்கத்துக் கொக்கி கையிலிருந்து நழுவி, அவருடைய மார்பு முடியைப் பிடித்துக்கொண்டது. மற்றொரு கையையும் விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து பார்த்து, "அலகு குத்துறது தைப்பூசத்துக்கு லா, இப்பவே என்ன அவசரம்?" என்றார். அன்றிலிருந்து தம்பி ஸ்பிரிங் தொட்டிலை ஏற்க மறுக்கிறான். அதில் போட்டால் அப்பா போட்ட சத்தம் அவனுக்கு நினைவு வருகிறது போலும்.

பிறகுதான் குலை வந்தது. பிள்ளையைத் தூக்கக் குலையைத் தூக்கிப் பழகுவதே முறை என்று அப்பா ஆராய்ந்து கண்டுபிடித்து, நல்ல பழுத்த குலை ஒன்றை வீட்டு முன்னால் சாலையோரம் வைத்துக் காலையும் மாலையும் தூக்கினார். நாள் முழுதும் குலை தூக்கிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் வேலியில் சாய்ந்து நின்று பார்த்தார்கள். "தூக்கி எங்க வைக்கப் போறாரு?" என்று ஒருவர் கேட்டார். "எங்கயும் வைக்கல. திரும்பக் கீழதான் வைக்கிறாரு." என்றார் மற்றொருவர். மறுநாள் காலை குலையைக் காணோம். லோரியில் குலை ஏற்றும் ஐயாவு அண்ணன் அதை ஆலைக்கு அனுப்பிவிட்டார். அப்பா சத்தம் போட்டதற்கு, "கிராணி ஐயா, ரோட்டோரம் குலை கிடந்தா விடாம ஏத்தணும்னு சட்டம் போட்டதே நீங்கதானே?" என்றார். அடுத்த குலையும் அப்படியே போயிற்று. மூன்றாவதை அப்பா முன்னறைக்குள் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மாமா, இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். முதல் நாள் அந்தக் குலையை முழங்கால் வரைதான் தூக்கினார். சில நாள்களில் இடுப்பு வரை வந்தது. பிறகு தோள். ஒருநாள் ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கி, "நல்லம்மா! இங்க வந்து பாரு!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். தினமும் தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி டின்னில் போட்டு ஐயாவு அண்ணனிடம் கொடுப்பது என் வேலை. டின் தினமும் நிரம்பியது. "அப்பா, பழம் உதிருதுப்பா" என்று நான் சொல்லாமல் இல்லை. "நான் தூக்குற வேகத்துக்கு உதிரத்தான் செய்யும்" என்றார். பழுத்த குலை வைத்த இடத்திலேயே உதிரும் என்பதும், உதிர்ந்தால் எடை குறையும் என்பதும் தோட்டத்தில் கோழிக்குக்கூடத் தெரியும். அப்பா அதே விஷயத்துக்காக வேலையை மேற்பார்க்கும் மண்டோரைத் திட்டியிருக்கிறார். ஆனால் அது அலுவலகக் குலை, இது வீட்டுக் குலை.

போன வெள்ளிக்கிழமை ஐயாவு அண்ணன் வந்து பார்த்து, "ஐயோ, ஐயாவோட குலை வெறும் காம்பா போச்சே" என்று இரக்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் அன்று வெட்டிய குலையை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போனார். சாயங்காலம் அப்பா வழக்கம்போல் ஒற்றைக் கையைக் கொடுத்தார். குலை அசையவில்லை. இரு கையையும் கொடுத்தார். இடுப்பில் ஒரு சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்து, "கண்ணு பட்டுடுச்சு நல்லம்மா. நேத்து வரைக்கும் இருந்த பலம் ஒரு ராத்திரியில போயிடுச்சு. வேலியில நின்னு பாத்த பயலுங்க கண்ணுதான்" என்றார். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். நாங்கள் எல்லாரும் இருமினோம். உண்மையை எழுதுகிறவள் உண்மையைப் பேசவும் வேண்டும் என்பதால், நான் புதுக் குலையின் கதையைச் சொல்லிவிட்டேன்.

அப்பா புதுக் குலையின் காம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பாயில் கிடந்த தம்பியை இரு கையாலும் தூக்கிப் பார்த்தார். தூக்கியதும் முகம் மாறிவிட்டது. குலை நாளுக்கு நாள் உதிர்ந்தது, மாமா. தம்பி மட்டும் உதிரவில்லை.

ஆகவே இன்று காலை முழு ஒத்திகை. கோலசிலாங்கூர் மலாவாத்தி மலைக்குப் போனோம். தம்பியை வள்ளியம்மா அத்தையிடம் விட்டுவிட்டு, அவனுக்குப் பதில் புதுக் குலையை மஞ்சள் சேலையில் படுக்கவைத்து, வெயில் படாமல் மூடி, கரும்பின் முன்பக்கத்தை அப்பாவும் பின்பக்கத்தை அம்மாவும் தோளில் வைத்து மேட்டில் ஏறினார்கள். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நடந்தேன். முதல் திருப்பத்திலேயே அப்பாவின் மூச்சு எங்களைவிட முன்னால் போய்விட்டது. நின்றோம். அப்போது எதிரே வந்த ஒரு வயதான மலாய் அம்மா, மாக்சிக், தொட்டிலைப் பார்த்துக் கன்னத்தில் கைவைத்து, "சோமெல்ஞா!" என்று, அதாவது என்ன அழகு என்று, கொஞ்சிக்கொண்டே வந்து துணியை விலக்கினார். உள்ளே குலை. அவர் குலையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு அம்மாவை மிக நீண்ட நேரம் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், மெதுவாகத் துணியைத் திரும்ப மூடி, கையிலிருந்த வாழைப்பழப் பொரியல் பொட்டலத்தை அம்மாவின் கையில் வைத்து அழுத்திவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கிப் போனார்.

அந்தப் பொட்டலத்தின் வாசனைக்குத்தான் குரங்குகள் வந்தன. பொட்டலம் முதலில் போயிற்று. அப்புறம் அவற்றுக்குக் கரும்பு கண்ணில் பட்டது. முன்னால் இரண்டு, பின்னால் நாலைந்து என்று பிடித்து இழுக்க, அம்மா பயத்தில் விட்டுவிட்டார். அப்பா விடவில்லை. கரும்பு முறிந்து குரங்குகளோடு போனது. பெரிய குரங்கு ஒன்று சேலையைப் பற்றியது. அப்பா குலையைச் சேலையோடு சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு, மலை முழுக்கக் கேட்கும்படி, "பிள்ளைய விடுடா! பிள்ளைய விடுடா நாயே!" என்று கத்தினார். குரங்கு, நாய் என்று சொன்னதாலோ என்னவோ, திகைத்து விட்டுவிட்டது. குலையின் முள்ளெல்லாம் அப்பாவின் கையிலும் நெஞ்சிலும் ஏறியிருந்தது. அப்போதும் கீழே வைக்கவில்லை. அம்மா சிரித்தார், சாலையோரம் உட்கார்ந்தே சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதுவும் சிரிப்புத்தான் என்று என்னால் உறுதியாக எழுத முடியாது.

"ஏற முடியலதான்," என்றார் அப்பா. "ஆனா விட்டேனா?"

"விடல," என்றார் அம்மா.

எனவே அப்பா எழுதச் சொன்னது: அவர் முழுத் தயார். தைப்பூசத்துக்கு நீங்கள் துறைமுக வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம். வந்தாலும் தண்ணிப் பந்தலைத் தாண்ட வேண்டாம். அத்தைக்கு என் வணக்கத்தையும், உங்கள் குட்டிப் பிள்ளைகளுக்கு என் முத்தத்தையும், உங்கள் தோளுக்கு அப்பாவின் அனுதாபத்தையும் தெரிவிக்கவும்.

என்றும் உண்மையுள்ள,
அ. கங்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அப்பா கூப்பிட்டார். பாயில் குப்புறப் படுத்திருக்கிறார். அம்மா முதுகில் தைலம் தேய்க்கிறார், தம்பி அப்பாவின் தலைமாட்டில் கிடந்து அவர் காதைப் பிடித்து இழுக்கிறான். அப்பா சுவரைப் பார்த்தபடி, "மாமனை வரச் சொல்லி எழுது" என்றார். தொட்டிலைத் தூக்கவா என்று கேட்டேன். "தொட்டிலத் தொட்டா கையை ஒடிப்பேன். அது நான் தூக்குறது. அவன் பக்கத்துல நடந்து, என் இடுப்புல கைய வெச்சு, மேல தள்ளுனாப் போதும்." யாராவது பார்த்தால் என்ன செய்வது என்றேன். அம்மா தைலத்தை மூடிக்கொண்டே, "தைப்பூசக் கூட்டத்துல யாரு யாரைத் தள்ளுறாங்கன்னு முருகனுக்கே தெரியாது லா" என்றார். அப்பா மறுக்கவில்லை. ஆகவே மாமா, வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அவசியம் வரவும் என்று படித்துக்கொள்ளவும். வலக்கையால் தள்ளுங்கள், இடுப்பில் இடப்பக்கம்தான் பிடிப்பு. புதுத் தாளில் திருத்தி எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் தோட்டத்தில் மின்விளக்கை நிறுத்தும் நேரம் வந்துவிட்டது.