தளவாய் திருத்திய வெனிஸ் காசு

"இது வெனிஸ்ல அடிச்ச காசு இல்ல அண்ணாச்சி. அதைப் பாத்து வேற தேசத்துக்காரன் அடிச்ச போலி. ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம்" என்று தளவாய் காசைப் பிடுங்கிக்கொண்டார்.

கல்யாணத்தில் மாமனார் போட்ட பொற்காசு அது. சீசனுக்குக் குற்றாலம் வரும் ரங்கூன் வியாபாரி ஒலி முகம்மது, பழங்காசுகளைப் பட்டுப் பெட்டியில் வைத்து, கொடுத்தவர் பெயரையும் கீழே எழுதி வைப்பார். அந்தப் பெட்டியில் தன் பெயர் ஏறப்போவதாகத் தளவாய் தென்காசிக் கடைத்தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனிப் போலி என்றால் தலைகாட்ட முடியுமா?

"எதை வச்சுப் போலிங்கிய?"

ஒலி முகம்மது பூதக்கண்ணாடியை நீட்டினார். "எழுத்து கோழி கெளறுன மாதிரி கெடக்கு. அடிச்சவனுக்குப் படிக்கத் தெரியல. மண்டி போட்டிருக்க ராசாவோட கொடிக்கம்புல சிலுவையக் காணும். எடையும் கொறையுது. நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மேசையில் கிடந்த அசல் காசின் படத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு தளவாய் படியிறங்கினார்.

தென்காசியில் நகை வேலை செய்யும் ரத்தினம் ஆசாரி தயங்கினார். "பழங்காசுல கை வைக்கலாமா அண்ணாச்சி?"

"எங்க வீட்டுக் காசு வேய். பிழை இருந்தா நாங்கதான் திருத்தணும்."

படத்தைப் பார்த்து எழுத்தைச் செதுக்கியதில் எடை இன்னும் குறைந்தது. சிலுவை வைத்தால் அது சூலம் மாதிரி நின்றது. அதை அராவப் போய் ராஜாவின் மூக்கும் சேர்ந்து போனது. மூக்குக்கும் எடைக்குமாக மனைவி குருவம்மாளின் தோடு உருகியது.

"எங்கப்பா போட்ட காசுக்கு எங்கப்பா போட்ட தோடா?" என்றாள் அவள்.

"உங்கப்பா மானத்துக்குத்தாம்ட்டி."

சாரலில் நனைந்தபடி தளவாய் மறுபடி குற்றாலம் போனார். ஒலி முகம்மது கண்ணாடி வழியே பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

தளவாய் மீசையை முறுக்கினார். "வாயடைச்சுப் போச்சுல்லா? இப்பம் எழுதுங்க எம் பேர. இதைப் போலின்னு எவன் சொல்லுதான்னு பாக்கேன்."

தேநீர் கொண்டுவந்த சமையல்காரர் பரீது, காசை எட்டிப் பார்த்து நெற்றியில் கை வைத்தார்.

"அசலைக் கண்டா முதலாளி திருப்பி அனுப்பிருவாக அண்ணாச்சி. அந்தப் பெட்டியில இருக்கது அம்புட்டும் போலிதான்."