ஒனிஹங்காவில் நான் கண்டுபிடித்த எரிமலை

நிலத்திலிருந்து புகை வந்தால் முதலில் விலகி நில், பிறகு காரணத்தை விசாரி, பிறகு அறிவி, அதிகாரிகள் சொல்லாமல் ஆட்களை வெளியேற்றாதே. பென்ரோஸ் பண்டகசாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வுபெறும்வரை நான் பிறருக்குப் படிப்பித்த விதி இது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கடைசியிலிருந்து தொடங்கினேன், அதுவும் தலைகீழாக.

ஆக்லாந்தில் எங்கள் ஒனிஹங்கா வீட்டுக்கு மகள் தர்ஷியைப் பார்க்க மாப்பிள்ளையின் பெற்றோர் வந்திருந்தார்கள். திருச்சிக்காரர்கள். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்களின் சம்மதம்தான் பாக்கி.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஒருத்தருக்கும் சட்டம் சொல்லாதேங்கோ" என்று மனைவி கமலா எச்சரித்திருந்தாள்.

வந்தவர்கள் இருக்கக் கதிரை எடுக்கக் கராஜுக்குப் பின்னால் போனேன். நிலம் புகைந்துகொண்டிருந்தது. (அடுப்பல்ல, குப்பையல்ல. நிலம்!) புடைத்த மண்மேட்டின் வெடிப்புகளிலிருந்து புகை சுருண்டு வந்தது. கை வைத்தேன், சுட்டது. ஆக்லாந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின்மேல் குடியிருக்கிறது, அடுத்தது எவருடைய வீட்டு வளவிலும் வாய் திறக்கலாம் என்று சொல்லித் திரிந்தவன் நான். என் வளவையே அது தேர்ந்தெடுக்கும் என்று நினைக்கவில்லை. (முன்கூட்டியே நிலம் அதிரும் என்பதும் தெரியும். அது அதிரவில்லை என்பதைக் கவனிக்க நான் நிற்கவில்லை.)

"எரிமலை! எல்லாரும் வெளியில!"

சம்பந்தியாக வேண்டியவரைக் கேசரித் தட்டுடன் வீதிக்கு இழுத்தேன்.

"விடுங்க சார்! செருப்பையாவது போட்டுக்கிறேன்!"

"செருப்புப் பிறகு வாங்கலாம் ஐயா, உயிர் வாங்கேலாது!"

அயல்வீட்டுக் கதவுகளையெல்லாம் தட்டினேன். தீயணைப்புப் படையையும் அழைத்தேன். வந்த வீரர் ஒருவர் மேட்டை மெல்லக் கிளறினார். சாக்கு வந்தது. வாழையிலை வந்தது. கடைசியில் இரு கைகளிலும் ஒரு வாழைக்குலையை ஏந்திக்கொண்டு வீதிக்கு வந்தார். அருமையாகப் பழுத்திருந்தது.

குழியில் குலையை இறக்கி, மண்ணால் மூடி, புகை போட்டுப் பழுக்கவைப்பதை யாழ்ப்பாணத்தில் பார்த்து வளர்ந்தவன் நான்.

ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்த கமலாவின் தம்பி சிவா, தெருமுனைக் கடையான டெய்ரியில் தயிர் வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பினான்.

"என்ர குழியை ஆர் கிண்டினது? வந்த ஆக்களுக்கு வைக்கவெல்லோ புகை போட்டனான்!"

"எனக்கு ஏன்டா சொல்லேல்ல?"

"சொன்னா கவுன்சிலிட்ட அனுமதி எடுத்தியோ எண்டு கேப்பியள், அத்தான்."

கேட்டிருப்பேன்தான்.

திருச்சிக்காரர் தீயணைப்பு வண்டியைப் பார்த்தார், தன் வெறுங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். தர்ஷி உள்ளே போய்க் கதவை அறைந்தாள். அன்றைக்கு வெடித்தது அது ஒன்றுதான்.

கிழமைகள் போயின. என் மன்னிப்புச் செய்திக்கும் பதில் இல்லை. எந்த அலுவலகம் பதில் தராவிட்டாலும் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்று எனக்குத் தெரியும். சம்பந்திக்கு மேல் யார் இருக்கிறார்கள்? தர்ஷி என்னுடன் கதைப்பதையே விட்டிருந்தாள்.

கடைசியில் கமலாவின் போனுக்குத் திருச்சிக்காரரின் பதில் வந்தது: "எங்களுக்குச் சம்மதம். ஒரே கண்டிஷன். ஐயர் ஹோமம் வளர்க்கும்போது சார் கையை யாராவது கெட்டியா பிடிச்சுக்கணும்."

கலியாணத்தன்று சிவா பிடித்தான். இன்றும் எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், முதல் புகை எழும்போது என் குடும்பமே திரும்பி என் கையைத்தான் பார்க்கும்.