முதுகு வளையாத பீர்

“பூனையைவிட கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?” என்றாள் அர்லீன், புருஷனின் முதுகைப் பார்த்து.

“தூக்கப்போறது நான் இல்ல. என் மூளை,” என்றான் வெர்ன்.

வீட்டில் காய்ச்சிய பீருக்கான ஊர்ப் போட்டியில் தொடர்ந்து மூன்று முறை கோப்பை வாங்கியவன் அப்படித்தான் பேசுவான். நாலாவதையும் வாங்கிவிட்டால் பீர் காய்ச்சுவோர் சங்கத்துச் சுவரில் அவன் பெயரைச் செதுக்குவார்கள். எந்த மாதிரி எழுத்தில் செதுக்க வேண்டும் என்று இப்போதே வரைந்து கொடுத்திருந்தான். குறுக்கே நின்றது ஒரு கூடைதான். பீருக்குச் சாறு இறங்குவதற்காக வெந்நீர்ப் பானையில் ஊறிய பார்லிக் கூடையை வெளியே எடுப்பதென்றால், கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி.

பக்கத்து வீட்டு கஸ் எட்டிப் பார்த்தான். “நான் ஒரு கை புடிக்கட்டுமா?”

“கை புடிக்கிற காலமெல்லாம் போச்சு கஸ். இனிமே விஞ்ஞானம்!”

முதலில் கார் ஷெட்டில் பானைக்கு நேர் மேலே, உத்தரத்தில் ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றை இழுத்தான். கூடை அசையவில்லை, முதுகு அசைந்தது. சளைக்காமல், ஷெட் கதவை ஏற்றி இறக்கும் மோட்டாரோடு கயிற்றைக் கட்டிப் பொத்தானை அழுத்தினான். கதவு ஏறியது. கூடையும் ஏறியது.

“பாத்தியா? ஒரே விரல்!”

“பாத்தேன். ஆனா கதவு தொறந்துல்ல கெடக்கு?”

கூடை வடிந்து முடிகிறவரை கதவு திறந்தேதான் இருக்க வேண்டும். வெளியே எல்லாம் உறைந்துபோகும் விஸ்கான்சின் ஜனவரி. பானை ஆறத் தொடங்கியது. வெர்ன் வீட்டிலிருந்த ஹீட்டர்களையெல்லாம் கொண்டுவந்து பானையைச் சுற்றி நிறுத்தி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டான். ஃபியூஸ் போயிற்று. வீடே இருண்டது. கூடை மட்டும் அந்தரத்தில் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

“அர்லீன்! ஃபியூஸைப் பாரு!”

பார்த்தாள். வெளிச்சம் வந்தது. இந்தக் குளிரில் ஷெட் கதவு ஆவென்று திறந்து கிடப்பதைக் கண்டு, நல்ல எண்ணத்தில் பொத்தானையும் அழுத்தினாள்.

கதவு இறங்கியது. கூடையும் இறங்கியது, நேராகப் பானையின் விளிம்பில். பானை குடைசாய்ந்தது. வருங்காலக் கோப்பை மொத்தமும் வாசலுக்கு ஓடி, ஓடிய வாக்கிலேயே உறைந்தது. பாதி இறங்கிய கதவுக்கடியில் புகுந்து அதைத் துரத்திய வெர்ன், தன் பீரிலேயே வழுக்கி மல்லாந்தான்.

கஸ் ஓடிவந்து ஒரு தோளைப் பிடித்தான். அர்லீன் மறு தோளைப் பிடித்தாள்.

“முதுகு போனா போகட்டும் கஸ்! கோப்பை போச்சே! போட்டிக்குள்ள இன்னொண்ணு காய்ச்ச முடியாதே!”

அர்லீன் கஸ்ஸைப் பார்த்து அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கஸ் அதைக் கவனிக்கவில்லை.

“அட, இதுக்குப் போய் ஏம்ப்பா அழுவுற? எப்பவும்போல அர்லீன் கடையில வாங்கி உன் பாட்டில்ல ஊத்திடுவா!”