பதினொரு தயிர்ச் சட்டியும் ஒரு பிஸ்கட் பேணியும்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் குப்பையை வெளியே வைக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் அது காய்ச்சல் காலம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் யாராவது போர்வைக்குள் கிடந்தார்கள். சந்திக்குச் சந்தி இராணுவக் காவல் சென்றி, வீட்டுக்கு வீடு டெங்கு. ஆமி ஆட்களைத் தேடியது. சுகாதாரப் பகுதி நுளம்புப் புழுவைத் தேடியது. இரண்டு பகுதியும் தட்டியது ஒரே கேற்றைத்தான்.

ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று வந்து மூன்று மொழியிலும் சொல்லிவிட்டுப் போனது. தண்ணீர் தேங்கக்கூடிய சிரட்டை, சட்டி, போத்தல், பேணி எல்லாவற்றையும் தனியாக உரப்பையில் கட்டி, புதன்கிழமை காலை ஆறரைக்கு முன் அவரவர் வாசலில் வைக்க வேண்டும். பின்னேரம் வளவுகளைப் பார்க்க வருவார்கள். புழு கண்டால் வழக்கு.

இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. அந்த அறிவித்தலைத் தமிழில் திருத்தி எங்கள் பத்திரிகையில் போட்டவனே நான்தான். 'அவரவர் வாசலில்' என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான்.

என் சிக்கல் வேறு. எனக்குச் சீனி வருத்தம். தயிரும் இனிப்பான கித்துள் பாணியும் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லி ஒரு வருடம். அவர் சொன்னதை மனைவி கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். வேலை முடிந்து வரும்போது ஒரு சின்னச் சட்டி தயிர் வாங்குவேன். பின்வளவில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிடுவேன். சட்டியை வெளியே எறிந்தால் பிடிபடுவேன் என்று அங்கேயே அடுக்கி வைப்பேன்.

பிறகு மழை பெய்தது.

செவ்வாய்க்கிழமை எட்டிப் பார்த்தேன். பதினொரு சட்டி, பதினொரு குளம். எல்லாவற்றிலும் புழு நெளிந்தது. வெள்ளவத்தைக் காய்ச்சலில் என் பங்கு எவ்வளவு என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

புதன்கிழமை வெள்ளென எழும்பி, சட்டிகளின் தண்ணீரைக் கொட்டி உரப்பைக்குள் அடுக்கினேன். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தங்கை மகள் சுகந்தி முன்னறையில் சேலைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி ஐந்து மாதம். மாப்பிள்ளை கனடாவில். அன்று ஒன்பதரைக்கு அவளுக்கு விசா இன்ரவியூ. இரண்டு தரம் தள்ளிப்போய் மூன்றாம் தரம் கிடைத்த நாள்.

"எங்கை பெரியப்பா, இந்த வெள்ளண்ண?"

"குப்பை வைக்க."

"நீங்களோ?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. செய்வதை முழுதாகச் செய்து காட்டுவோம் என்று குசினிக்குள்ளும் ஒரு சுற்று வந்தேன். இரண்டு ஜாம் போத்தல் அகப்பட்டது. சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருந்தது. மூடியில் துரு. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன். சத்தமில்லை. வெறும் பேணி. அதையும் உரப்பைக்குள் போட்டு வாயைக் கட்டினேன்.

இப்போது உரப்பையைப் பார்த்தால் அதற்குள் சட்டி இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். வட்டம் வட்டமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் வாசலில் வைத்தால், பூப் பறிக்க வரும் மனைவி அதைப் பார்க்காமல் போகமாட்டாள்.

ஆகவே காலி வீதிச் சந்திக்குக் கொண்டுபோனேன். லைற் கம்பத்தோடு சாய்த்து வைத்தேன். முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். வேகமாக நடந்தேன். இரண்டு தரம் திரும்பியும் பார்த்தேன்.

கம்பத்துக்கும் சென்றிக்கும் இடையில் பத்து அடி தூரம்.

உண்மையாகவே குண்டு வைக்க வந்த ஒருவன் இவ்வளவு சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்டிருக்க மாட்டான். என் அதிர்ஷ்டம், அந்த நிமிடம் சென்றிக்காரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

வீதியைக் கடந்து, நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் போய்க் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் கேட்டேன். அவர் பாணைப் பேப்பரில் சுற்றும்போது விசில் ஊதியது. ஒன்றல்ல, நாலைந்து. பஸ்கள் நின்றன. நானா தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"பார்சல் ஒண்டு கெடக்காம் சந்தியில. எவனோ வெச்சிட்டுப் பெய்த்தான்."

"ஆரெண்டு தெரியாதோ?"

"தெரிஞ்சா விடுவானுவளா? தோலை உரிச்சிருவானுவ."

நான் பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "ஆரும் விசரனாயிருக்கும்" என்றேன்.

"விசரன் இல்ல, நல்லா யோசிச்சு வெச்சிருக்கான். வெடிக்க வெக்கிற ஆக்களுக்குச் சொல்லி அனுப்பிட்டாங்களாம். தூரத்துல நிண்டு அப்பிடியே வெடிக்க வெச்சிருவாங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சட்டிகள் தூளாகிவிடும். சாட்சி இருக்காது. சத்தம் போடாமல் அடுத்த ஒழுங்கையால் இறங்கி, ரயில் பாதைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மனைவி மேசைக்குக் கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, இதிலை இருந்த பேணி எங்கை?"

"எந்தப் பேணி?"

"பிஸ்கட் பேணி. அலுமாரியிலை இருந்து ராத்திரி எடுத்து வைச்சனான். பிள்ளையின்ரை பாஸ்போட், பேத் சேட்டிபிக்கேற், பொலிஸ் பதிவு, இன்ரவியூக் கடிதம் எல்லாம் அதுக்குள்ளைதான்."

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் இப்படி ஒரு பேணியோ பையோ இருக்கும். கலவரம் வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. எங்கள் வீட்டில் இருப்பதும் எனக்குத் தெரியும். அது எப்படி இருக்கும் என்று மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நெருக்கி அடுக்கிய கடதாசி ஆட்டினால் சத்தம் போடாது என்பதையும் யோசிக்கவில்லை.

"குப்பையிலை போட்டிட்டன்" என்றேன்.

"குப்பை எங்கை?"

"சந்தியிலை."

"அங்கை என்னவோ பார்சலாம் எண்டு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப்போட்டுப் போறார்."

"அதுதான்."

சுகந்தி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அழவில்லை. "பெரியப்பா, ஒன்பதரைக்கு இன்ரவியூ" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம், சாரத்தோடு, கையில் பாணோடு.

சந்தியில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பாதி ஒழுங்கை நின்றது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் உரப்பை தனியே நின்றது. அதற்கு அப்படியொரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. குப்பை லொறியும் வந்து நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ராமையா, வழக்கமாக எங்கள் வீட்டுக் குப்பையை எடுப்பவர், அதில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இளம் அதிகாரி ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "மேக்க காகெத?" இது யாருடையது என்று.

"மகே" என்றேன். என்னுடையது.

என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டடி விலகினார்கள். இருபது வருடம் பழகியவர்கள். இரண்டு துவக்குகள் என் பக்கம் திரும்பின. பாணைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அதையும் ஒருவன் காலால் தள்ளிப் பார்த்தான்.

உள்ளே என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கொழும்பில் முப்பது வருடமாகப் பேசிவந்த என் சிங்களம், அந்த நிமிடம் ஒரு சொல் மிச்சமில்லாமல் போய்விட்டது. ராமையாதான் முன்னால் வந்தார்.

"ஐயா, வாசல்ல வைக்கச் சொன்னா வாசல்ல வைக்கணும். இவங்க மடியில கொண்டாந்து வச்சா எப்படிங்க? சரி, உள்ள என்னா இருக்கு, தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்லிர்றேன்."

"தயிர்ச் சட்டி" என்று மெதுவாகச் சொன்னேன்.

"எத்தனைன்னு கேக்குறாரு."

பின்னால் மனைவியும் சுகந்தியும் வந்து நிற்பதைக் கண்டேன். துவக்கு முன்னால் இருந்தது. எதற்குப் பயப்படுவது என்று தீர்மானிக்க ஒரு விநாடி எடுத்தது.

"பதினொண்டு."

ராமையா மொழிபெயர்த்தார். அவருடைய குரல் காலி வீதியின் மறுபக்கம் வரை கேட்கும்.

"எத்தினை?" என்று மனைவி கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"உன்னுடையது என்றால் நீயே போய்த் திற" என்றார் அதிகாரி. அவர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் போனார்கள். நான் தனியே போய் உரப்பையை அவிழ்த்து ஒவ்வொன்றாக வீதியில் எடுத்து வைத்தேன். ராமையா சிங்களத்தில் எண்ணினார். ஐந்தாவது சட்டியிலிருந்து கூட்டமும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. பதினொன்று முடிந்ததும், பாணி வழிந்தபடி நாலு பாணிப் போத்தல் வந்தது. அதை நான் சொல்லியிருக்கவில்லை.

கடைசியாகப் பேணி.

அதிகாரி அதை வாங்கித் திறந்தார். முகம் மாறியது. மூன்று பாஸ்போட், காணி உறுதி, திருமணப் பதிவு, பொலிஸ் பதிவு. சட்டியை நம்பியவர் இதை நம்பவில்லை.

"பாஸ்போட்டை யார் குப்பையில் போடுவான்? யாரிடம் கொடுக்க இங்கே வைத்தாய்?"

ராமையா மொழிபெயர்க்கவில்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போது மனைவி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது.

"இவர் ஒருத்தருக்கும் குடுக்க வைக்கேல்லை, மாத்தயா. இவருக்கு அது என்ன பேணி எண்டே தெரியாது. திரும்பவும் வீடு எரிச்சால் எடுத்துக்கொண்டு ஓட நான் வைச்சிருக்கிற பேணி."

அதிகாரி பேணிக்குள் திரும்பவும் பார்த்தார். எண்பத்து மூன்றில் அவருக்கு மிஞ்சி மிஞ்சிப்போனால் ஐந்து வயது இருந்திருக்கும். சுகந்தியின் பாஸ்போட்டைத் திறந்து, படத்தையும் அவளையும் பார்த்தார். இன்ரவியூக் கடிதத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார். தன் மணிக்கூட்டையும் பார்த்தார். மூடியை அழுத்தி மூடி மனைவியிடம் கொடுத்தார்.

"எட்டரையாகிவிட்டது, நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுவதுபோல் சுகந்தியிடம் சொன்னார். தானே வீதியில் இறங்கி, மறித்து வைத்திருந்த த்ரீவீலர்களில் முதலாவதை அவளுக்காக விட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "என் அப்பாவுக்கும் இந்த வருத்தம்தான். அவர் கட்டிலுக்குக் கீழே வைப்பார்."

சட்டிகளை ராமையா லொறியில் ஏற்றினார். பாணை ஒரு காகம் கொண்டுபோனது.

சுகந்திக்கு விசா கிடைத்தது. கடிதங்களில் ஏன் பாணி ஒட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார்களாம். பின்னேரம் வளவைப் பார்க்க வந்தவர்கள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான வீடு இந்த ஒழுங்கையிலேயே இல்லை என்றார்கள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரம் முழுவதும் அப்படியே பார்த்தாள்.

பேணியை அவள் இடம் மாற்றிவிட்டாள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. இனியொரு முறை ஓடவேண்டி வந்தால், நான் அவளுக்குப் பின்னால்தான் ஓடவேண்டும்.