இருபத்தைந்து பேருக்கு நோய் தேவை

அன்பு மச்சானுக்கு, உன் அக்காளின் வீட்டுக்காரன் தன் கையாலேயே எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அதனால் அதை ஒரு வரியில் முடிக்க முடியாது.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னித்துவிடு. வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. அறுபத்தெட்டு வயதில் பழகிய எழுத்து அப்படித்தான் நடக்கும். நேற்றுக் காலை உட்கார்ந்தேன், இன்னும் முதல் பக்கம்தான். ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை எனக்கு வந்த கடிதத்தை எல்லாம் அடுத்தவர் படிக்கத்தான் கேட்டேன். இப்போது நான் எழுதியதை நீ படிக்கிறாய்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பாய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்த மலைக்கு ஏறிவரும் மருத்துவ வண்டியின் டிரைவர்தான். டாக்டர் உள்ளே நோயாளிகளைப் பார்க்கும்வரை அவருக்கு வேலையில்லை, எனக்கு எப்போதுமே இல்லை. வண்டி வரும்போது யாருக்கு என்ன நோய் என்று ஊர் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அதை எழுதத்தான் என்னைப் பழக்கினார். நான் முதலில் எழுதிய சொல் வாந்தி. இரண்டாவது மயக்கம். என் பெயர் ஏழாவதாகத்தான் வந்தது.

ஒருநாள் அந்த டிரைவர் சொன்னார், தொடர்ந்து மூன்று தடவை இருபத்தைந்து நோயாளிக்குக் கீழே போனால் வண்டியை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்களாம். எங்கள் ஊரில் இருப்பதே முப்பத்துநான்கு பேர், அதில் நோயாளி ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருத்தி உன் அக்காள். அவள் காலில் உள்ள புண் நான்கு மாதமாக ஆறவில்லை. வண்டி நர்ஸ் வந்து சுத்தம் செய்து கட்டினால்தான் உண்டு. பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று மணி நேரம் நடக்க வேண்டும், அவளால் வாசல்வரைகூட முடியாது. மாவு மில் முன்னால் ஊர் கூடிப் பேசியது. முடிவில் உன் அக்காளின் காலுக்காக ஊரே படுத்துக்கொண்டது.

நோயைப் பங்கு பிரிக்கும் வேலை எனக்கு. ஒருவருக்கே ஒரே நோயைத் திரும்பத் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று முறை வைத்தேன். எனக்கு மட்டும் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, எழுதுகிறவனே எடுத்துக்கொண்டால் ஊர் பேசும். பழைய டாக்டர் தலையை நிமிர்த்தாமலே மாத்திரை எழுதுவார், அதனால் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரே தடவை, பல்வலி வாங்கிய கொல்லனுக்கு நல்ல பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு பல்வலியை யாரும் தொடவில்லை. இருக்கிறவர்களில் பொக்கைத் தாத்தாதான் தைரியமாக வாங்கிக்கொண்டார்.

போன தடவை புது டாக்டரம்மா வந்தார், நர்ஸும் புதிது. டாக்டரம்மா வயசில் சின்னவர், ஆளை நிமிர்ந்து பார்க்கிறவர். அன்றைக்கென்று நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பட்டியல் அழகாக இருக்கட்டும் என்று வலது பக்கம் மட்டும் முதல் வரியில் ‘நோய்’ என்று தலைப்புப் போட்டேன். இடது பக்கம் பெயர்கள் முதல் வரியிலேயே தொடங்கிவிட்டன. அவ்வளவுதான், ஊரில் எல்லாருடைய நோயும் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விட்டது. தையல்காரர் மனைவியின் ஆறு மாதக் கர்ப்பம் கொல்லனுக்கு வந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஒரு பல்லை இழந்தும் ஊர்க் கட்டுப்பாட்டை விடாதவன் அவன். “பட்டியல்ல என்ன இருக்கோ அதாங்க எனக்கு” என்றான்.

அடுத்து உன் அக்காள். அவள் பெயருக்கு நேரே வறட்டு இருமல். உட்கார்ந்தாள், புடவையை இழுத்துக் காலை மூடினாள், இருமினாள். அவள் காதருகே குனிந்து “கால் கட்டை அவிழ்க்கச் சொல்லு” என்றேன்.

“சும்மா இருங்க. நான் காலைக் காட்டினா பட்டியல் பொய்யின்னு ஆயிடும். அப்புறம் வண்டியே வராது. இருமலே இருக்கட்டும்” என்றாள் மெதுவாக.

புடவை ஓரம் ஈரமாக இருந்தது மச்சான். டாக்டரம்மா இருமல் மருந்தை எடுத்துவிட்டார். எனக்கு வண்டியும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றாகிவிட்டது. “அவ காலைப் பாருங்கம்மா. இருமல் நான் போட்டது” என்றேன்.

அரைமணி நேரம் அவரே உட்கார்ந்து சுத்தம் செய்தார். இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு என்னிடமிருந்து முழுக் கதையையும் வாங்கிக்கொண்டு, பொய் நோயாளிகளையும் மிச்சமிருந்தவர்களையும் வரிசையில் நிற்கச் சொன்னார். தண்டனை என்று நினைத்து நின்றோம். அவர் ஒவ்வொருவராகச் சோதித்தார். வயிற்றுவலி என்று நடித்தவனுக்கு ரத்தக் கொதிப்பு. கொல்லனுக்குச் சர்க்கரை. பழைய ஒன்பதோடு புதிதாகப் பதினேழு பேர் சேர்ந்து மொத்தம் இருபத்தாறு. ஒருவருக்கும் அதுவரை தெரியாது, பொய் சொல்லும் மும்முரத்தில் யாரும் உடம்பைக் கவனிக்கவில்லை. இருபத்தாறாவது ஆள் நான். எனக்கும் ரத்தக் கொதிப்பாம். ஊருக்கெல்லாம் நோய் கொடுத்தவனுக்கு அது பெரிய அவமானம்.

போகும்போது டாக்டரம்மா சொன்னார், “இனிமே பொய் வேண்டாம் பெரியவரே. உண்மையே போதும்.”

ஆகையால் நீ கவலையை விடு. இனி வண்டி நிற்க வழியே இல்லை. உன் அக்காளின் புண் காய்ந்து ஆறிவருகிறது. உனக்கும் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம். எழுதப் படிக்கத் தெரிந்த உன் மச்சான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மருத்துவ அலுவலகத்திலிருந்து காகிதம் வந்தது. யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன், அதுவரைக்கும் சந்தோஷம். இருபத்தைந்துக்கு மேல் நோயாளிகள் உள்ள ஊருக்கு வண்டி போதாதாம். எங்கள் ஊரை ஆஸ்பத்திரி பெறும் ஊராக உயர்த்தியிருக்கிறார்களாம். கட்டடம் எழும்பும்வரை வண்டி வராது. எண்ணிக்கையில் தவறிருந்தால் உடனே தெரிவிக்கலாமாம்.

மறுபடி மாவு மில் முன்னால் கூடினோம். ஒரே ஒருவர் குணமானால் போதும், கணக்கு சரியாக இருபத்தைந்தில் நிற்கும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பட்டியலில் என் பெயரை நானே அடித்தேன். டாக்டரம்மா தவறாகப் பார்த்துவிட்டார், எனக்கு ஒன்றுமில்லை என்று உன் அக்காளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எழுதிய சீட்டு இதற்குள் இருக்கிறது. நீ வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து அந்த மாத்திரையை அனுப்பு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் இங்கே எழுதினால் ரகசியம்தான்.

வண்டி வந்ததா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். மாத்திரை அதற்குள் வந்துவிட்டால் வரிகளும் கொஞ்சம் நேராக இருக்கும்.